பூட்டிய வீட்டுக்கு மூன்று நடை

அண்ணிக்கு ஆபீஸில் வைத்த பெயர் 'மூணு நடை'. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்புவதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. ஏழாவது வீடு, பதினான்காவது வீடு என்று ஏழு வீட்டுக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். பூட்டியிருந்தால் வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும் என்பது விதி. நானும் மற்றவர்களும் நைசாகப் பக்கத்து வீட்டைத் தட்டிவிடுவோம். அண்ணி மட்டும் காலை, மதியம், சாயங்காலம் என்று அதே பூட்டின் முன்னால் போய் நிற்பார். பத்தொன்பது வருடமாக இதே கதைதான். செருப்புதான் பாவம்.

இந்த முறை ஆய்வு, வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றியது. எங்கள் படிவங்களில் நூறு வீட்டுக்கு இருபது பேர். அண்ணியின் படிவங்களில் நாற்பத்தாறு. அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"வீட்ல உக்காந்து நீங்களே எழுதிட்டீங்களா? வேலைக்குப் போறாங்கன்னு நீங்க போட்ட வீட்ல பத்தை நானே போய்ப் பாக்கறேன். பொய்யின்னா நாளையிலேர்ந்து வராதீங்க."

பதினோரு மணிக்குப் போனவர் மதியமே திரும்பினார். பத்தில் எட்டு வீடு பூட்டிக் கிடந்ததாம்.

"எங்கம்மா உங்க பொம்பளைங்க?"

அண்ணி மெதுவாகச் சொன்னார்: "வேலைக்குப் போயிருப்பாங்க சார். ஆறரைக்கு மேல போய்ப் பாருங்க."

போனார். நாங்கள் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. ஏழே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தவர் முதலில் தண்ணீர் கேட்டார்.

"பத்தும் சரி. அப்போ மத்தவங்களுக்கு மட்டும் எப்படி இருபது வந்துச்சு?"

என் வாய் சும்மா இருக்குமா?

"பூட்டின வீட்டை விட்டுட்டு, பக்கத்துல பகல்ல இருந்தவங்களைக் கேட்டோம் சார். வேலைக்குப் போறவங்க பகல்ல எப்படிக் கெடைப்பாங்க?" சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

வண்டி வண்டியாகத் திட்டு வாங்கினோம். எங்கள் படிவங்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. மறுபடி முதலிலிருந்து தெருத்தெருவாக அலைய வேண்டும். போகட்டும். அண்ணி வேலை தப்பியது, அப்பாடா.

வெளியே வந்ததும் அண்ணி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உண்மையைச் சொல்லவா? இத்தனை பேரு இருபதுன்னு எழுதியிருக்கீங்களே, நான்தான் தப்பா கேட்டுட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"இல்ல அண்ணி. நாங்கதான் வேலைக்குப் போறவங்களைக் கேக்கவே இல்ல."

அதைக் கேட்ட பிறகுதான் அண்ணி மூச்சு விட்டார்.