பத்தொன்பது வாரமும் ஒரு வலக்கையும்

தையற்கூடத்தில் எல்லாரும் அவரை மாஸ்டரம்மா என்றே அழைத்தார்கள். நாற்பது அடுக்குத் துணியை மேசைமேல் விரித்து, பேட்டர்ன் என்னும் அளவுத்தாளை வைத்துக் கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டினால் அடியில் கிடக்கும் துண்டும் உச்சியில் கிடக்கும் துண்டும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளில் அந்தக் கை ஒரு நூல் பிசகியதில்லை. சென்ற ஆண்டு அந்தக் கைக்குத்தான் ஏதோ வந்து சேர்ந்தது.

அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. உடம்பு அனலாகக் கொதிக்கும். விரல் மூட்டுகள் உப்பிச் சிவந்து சீப்பைக்கூடப் பிடிக்கவிடாது. இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். பிறகு வந்த சுவடே தெரியாமல் போய்விடும். மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி வரும். சில வேளை இடக்கைக்கு, பெரும்பாலும் வலக்கைக்கு.

தெருமுனை மருத்துவரிடம் ஐந்து முறை போனார். ஐந்து முறையும் காய்ச்சல்மானி பச்சைப்பிள்ளைபோலச் சாதுவாக இருந்தது. ரத்தச் சோதனையும் அப்படியே.

"ஒண்ணுமில்லையேம்மா. மனசுல ஏதாவது கவலையா?" என்றார் மருத்துவர்.

"கவலையே இந்தக் கைதான் டாக்டர்."

இனித் தம்மால் ஆவதில்லை என்று அவர் பெரிய மருத்துவமனையின் மூட்டுநோய் நிபுணருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே முன்பதிவு மேசையில் கிடைத்த தேதி பத்தொன்பது வாரம் தள்ளி இருந்தது.

"பத்தொன்பது வாரமா?" என்றார் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர். "அதுக்குள்ள என் பஸ்ஸே நாலு தடவ ஒர்க் ஷாப்புக்குப் போய் வந்துடும்."

காத்திருப்பின் ஆறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, மாஸ்டரம்மா அந்தத் தேதிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். எதையும் கடைசி நேரத்துக்கு விடுகிறவர் அல்லர். ஆய்வு முடிவுகளைத் தேதிவாரியாக அடுக்கினார். அன்று உடுத்த வேண்டியதை இஸ்திரி போட்டு மாட்டினார். கைப்பையின் பக்கவாட்டு அறையில் ஒரு மாத்திரை அட்டையைச் செருகினார்.

"இது எதுக்கு?" என்றார் கணவர்.

"அன்னிக்குன்னு பார்த்துக் காய்ச்சல் வந்துட்டா? ரெண்டு போட்டுக்கிட்டுக் கிளம்பினாத்தானே அங்க உக்கார முடியும்."

"முன்னாடி போனப்பவும் போட்டுக்கிட்டுத்தான் போனியா?"

"பின்ன? முதல் நாளே ஆரம்பிச்சிடுவேன். ஐஸ் ஒத்தடமும் குடுப்பேன். வீங்கின கையும் பரட்டைத் தலையுமா நாலு பேர் முன்னாடி போய் நிக்கச் சொல்றீங்களா?"

ஓட்டுநர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா, வண்டியில கடகடன்னு சத்தம் கேக்குதுன்னு மெக்கானிக்கிட்ட கொண்டுபோறோம். போற வழியில நாமளே சத்தத்த அமுக்கிட்டுப் போனா, அவன் எதக் கேட்டு எதச் சரி பண்ணுவான்?"

மாதிரிச் சட்டை ஒன்றை வாங்குபவர் கண்ணில் காட்டுமுன் சுருக்கம் ஒன்றில்லாமல் தேய்த்துக் காட்டுவது தொழிலின் முதற்பாடம். அந்தப் பாடத்தை மாஸ்டரம்மா நோய்க்கும் நடத்தியிருக்கிறார். ஐந்து முறை நோயைத் தேய்த்து மடித்து மருத்துவர் முன் வைத்துவிட்டு, "ஏன் தெரியவில்லை?" என்று அவரையே நொந்துகொண்டிருக்கிறார். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தம்மேலேயே கோபம் வந்தது. மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்தார்.

ஆனால் அச்சம் வேறு இடத்தில் இருந்தது. அந்தத் தேதியில் நோய் வராமல் இருந்துவிட்டால்? நிபுணரும் "ஒண்ணுமில்லை" என்று எழுதிவிட்டால், திரும்பவும் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். நோய் வரும் நாளை மாற்ற முடியாது. வந்த நாளை அளந்து வைக்க முடியும். அளப்பது அவருக்குக் கைவந்த கலை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேட்டர்ன் காகிதத்தை மேசைமேல் விரித்தார். இடக்கையைப் பதித்து, விரலைச் சுற்றித் தாமே கோடு வரைந்தார். வலக்கைக்குக் கணவரை அழைத்தார்.

"பென்சில நிமித்திப் பிடிங்க. சாய்ச்சா ஒரு நூல் தப்பும்."

"பஸ்ஸையே நேரா ஓட்டுறவன், பென்சில ஓட்ட மாட்டேனா?"

"நீங்க ஓட்டுற லட்சணத்த நான் பின் சீட்டுல உக்காந்து பார்த்தவதான். மெதுவா."

இப்படியே நாள்தோறும் இரண்டு கை, ஒரே மேசை, ஒரே நேரம். ஓரத்தில் தேதி, காய்ச்சல் அளவு, மாத்திரை போட்டிருந்தால் அதுவும். நோய் நான்கு முறை வந்துபோனது. அந்த நாள்களில் கையைத் தட்டையாகப் பதிப்பதே பெரும்பாடு. பல்லைக் கடித்துக்கொண்டு பதித்தார். வரைந்து முடித்த பிறகுதான் மாத்திரை. அவற்றுக்கிடையே திங்கட்கிழமைதோறும் மருத்துவமனைக்குத் தொலைபேசினார், யாராவது வராமல் போன இடம் கிடைக்குமா என்று. கடைசிவரை கிடைக்கவில்லை.

பத்தொன்பதாவது வாரம், பயந்தபடியே, கை பளிங்குபோல இருந்தது.

நிபுணர் அவர் வயதையொத்த அம்மையார். கோப்பைப் புரட்டி முடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "ரிப்போர்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு. கையும் நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும் டாக்டர். இத்தன நாளும் நான்தான் நல்லாக்கி நல்லாக்கிக் காட்டினேன்." மாஸ்டரம்மா நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிறகு காகிதச் சுருளைப் பிரித்தார்.

நிபுணர் காய்ச்சல் கண்ட நாளின் தாள் ஒன்றை எடுத்தார். அடுத்த வாரத்துத் தாளை அதன்மேல் வைத்தார். எழுந்துபோய், எக்ஸ்ரே பார்க்கும் விளக்கின்மேல் இரண்டையும் மணிக்கட்டோடு மணிக்கட்டுப் பொருந்தப் பிடித்தார். இரண்டு கோடுகளும் உள்ளங்கை வரை ஒன்றாக வந்து, விரல் மூட்டில் பிரிந்து விலகின.

"யார் வரைஞ்சது?"

"இடக்கை நான். வலக்கை வீட்டுக்காரர். அவருக்குக் கொஞ்சம் கை நடுங்கும், அதக் கழிச்சுக்குங்க."

நிபுணர் சிரித்துவிட்டார். "இத வெச்சு நோய்க்குப் பேர் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணுமில்லன்னு இனி யாரும் சொல்ல முடியாது." ஒரு சீட்டு எழுதினார். "அடுத்த தடவ ஆரம்பிச்ச உடனே நேரா வாங்க. தேதி வேணாம். முடிஞ்சா மாத்திரை போடாம வாங்க. தாங்கலன்னா போட்டுட்டு, போட்டதச் சொல்லுங்க."

பதினேழு நாள் கழித்து, காலை பத்தரைக்கு, காலர் வெட்டிக்கொண்டிருந்தபோது மூட்டுக்குள் நெருப்பு வைத்தாற்போல் சுரீரென்றது. கத்தியை நிறுத்தினார். அரை மணி நேரத்தில் விரல்கள் தடித்துவிட்டன.

"மாஸ்டரம்மா, இந்த ஒரு லாட்ட மட்டும் முடிச்சுட்டு..." என்றார் முதலாளி.

"லாட்ட நாளைக்கு வெட்டலாம். இது நாளைக்கு இருக்குமான்னு தெரியாதுங்க."

முகம் கழுவவில்லை, உடை மாற்றவில்லை, நூற்பிசிறு ஒட்டிய மேலங்கியோடும் கலைந்த தலையோடும் பேருந்து ஏறினார். நாற்பது நிமிடமும் ஒவ்வொரு பள்ளமும் விரல் வழியாகவே போனது. முன்பதிவு மேசையில் சீட்டையும் கையையும் சேர்த்து வைத்தார். மேசைக்காரப் பெண் கையைப் பார்த்த பிறகு சீட்டைப் படிக்கவேயில்லை. "உள்ள போங்கக்கா" என்றாள்.

செவிலி மேல்கையில் பட்டை கட்டி ரத்தம் எடுக்க ஆயத்தமானார். நிபுணர் வந்து வலக்கையைத் தூக்கி, உப்பிய மூட்டொன்றை இரு விரலால் இலேசாக அழுத்தினார்.

"வலிக்குதா?"

"நல்லா வலிக்குது டாக்டர்" என்றார் மாஸ்டரம்மா. கையை இழுத்துக்கொள்ளவில்லை.