நடு ஆற்றில் எழுந்து நின்றவன்

என் மகள் சாந்திக்கு அப்போது ஐந்து வயது. எண்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். அவள் பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாமல் காவிரிக் கரையில் நான் நின்ற அந்தக் காலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். இப்போது எனக்கும் வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அதியமான்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி லில்லியின் தாய்வீடு ஒகேனக்கல்லுக்கு எதிர்க்கரையில், கர்நாடகப் பக்கம். அங்கே போயிருந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. விடியற்காலை கைகால் வெட்டி இழுத்தது. அந்த ஊரில் டாக்டர் கிடையாது. பரிசலில் ஆற்றைத் தாண்டினால்தான் பென்னாகரம் ஆஸ்பத்திரிக்கு வழி. ஆறோ ஒரே இரவில் ஏறி, செம்மண் கரைத்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தத் தண்ணியில பரிசல் போட மாட்டேனுங்க" என்றார் பரிசல்காரர் மாதேஷ்.

லில்லி பிள்ளையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். அவர் பரிசலை ஆற்றில் தள்ளினார்.

"ஏறுங்க. ஆனா ஒன்னு. என்ன ஆனாலும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா கவுந்துக்கும்."

தலையாட்டினேன். எனக்கு நீச்சல் தெரியாது. கிணற்றை எட்டிப் பார்த்தாலே கால் கூசுகிற ஆள் நான். பரிசலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். லில்லி பிள்ளையைப் பிடித்திருந்தாள். குடும்பத்தில் ஒருவராவது பொறுப்பாக இருக்க வேண்டுமே.

நடு ஆற்றில் லில்லி அலறினாள். "ஏங்க, புள்ளைக்குக் கண்ணு சொருவுதுங்க!"

எங்கள் சபையில் அவசர ஜெபம் என்றால் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி, தொண்டை கிழியக் கூப்பிடுவோம். அதிலும் என் சத்தம் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும். வருஷக்கணக்கான அந்தப் பழக்கம், பரிசல்காரர் சொன்னதை அடித்துக்கொண்டு போய்விட்டது. துள்ளி எழுந்தேன். கைகளை வானத்துக்குத் தூக்கினேன். "ஆண்டவரே!" என்று கத்தினேன்.

பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தது. லில்லியும் பிள்ளையும் விழாமலிருக்க மாதேஷ் பாய்ந்து பிடித்தார். துடுப்பு அவர் கையை விட்டு ஆற்றோடு போயிற்று.

"யோவ், குந்துய்யா! குந்திக்கினு கும்பிட்டா உங்க சாமிக்குக் கேக்காதா?"

குந்தினேன். பரிசல் சுற்றிக்கொண்டே கீழே போயிற்று. தூரத்தில் அருவியின் இரைச்சல் கேட்டது. மகளைக் காப்பாற்றக் கிளம்பியவன், மனைவியையும் முன்பின் தெரியாத ஒரு மனிதரையும் சேர்த்துக் கொல்லப் பார்க்கிறேனே என்று உறைத்தது. ஜெபிக்கப் பார்த்தேன். சபையில் ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத எனக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது. "அப்பா." அதுவும் சத்தமில்லாமல்.

வானம் திறக்கவில்லை. பயமும் போகவில்லை. கைநடுக்கம் மட்டும் நின்றது. அது என் சுபாவம் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளத்தில் பாதி முழுகிய நீர்மருது மரம் ஒன்று எதிரே வந்தது. சுற்றிய பரிசல் சரியாக நான் இருந்த பக்கத்தை அதற்குக் காட்டியது. உட்கார்ந்தபடியே கிளையை எட்டிப் பிடித்தேன். மாதேஷ் என் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

"உட்டுடாதய்யா! உட்டுடாத!"

துருப்பிடித்த நட்டைக் கழற்றவே பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுகிற கை இது. தோல் உரிந்து ரத்தம் வந்தது. விடவில்லை. அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், என்னைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்பேன்.

கொஞ்ச நேரத்தில் ஒகேனக்கல் கரையிலிருந்து இரண்டு பரிசல்கள் வேகமாக வந்தன. கயிற்றை வீசி எங்களை இழுத்துக்கொண்டார்கள். கரை ஏறியதும், வந்தவர்களில் ஒருவரிடம், "நாங்க மாட்டிக்கிட்டது எப்படிங்க தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"பரிசல்ல எவனாச்சும் எந்திரிச்சு நிப்பானாங்க? ஒரு ஆளு ரெண்டு கையயும் தூக்கிக்கினு நின்னாரு. ஏதோ ஆபத்துன்னு அப்பவே கெளம்பிட்டோம். யாருங்க அந்தப் புண்ணியவான்?"

மாதேஷ் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

மீன் ஏற்ற வந்த வேன் ஒன்று எங்களைப் பென்னாகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காய்ச்சல் மூளைக்கு ஏறும் முன்னே கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். சாயங்காலம் சாந்தி கண் விழித்து, "அப்பா, உன் சட்டையெல்லாம் ஏன் மீன் வாசம்?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அம்மா செத்த அன்றுகூட அழாத அழுகையை அழுதேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தைரியம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். இன்றைக்கும் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் யார் வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போகிறேன். அவர்களைவிட அதிகமாகப் பயப்படுகிறவன் பக்கத்தில் இருந்தால் பெற்றவர்களுக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது.

அன்பானவர்களே, பயம் போன பிறகு ஆண்டவரைக் கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். பயந்தபடியே, உளறியபடியே கூப்பிடுங்கள். என் விசுவாசத்தைப் பார்த்து அவர் ஆள் அனுப்பவில்லை. என் முட்டாள்தனத்தையே கொடியாகப் பிடித்து, கரையில் இருந்தவர்களைக் கூப்பிட்டார்.