செர்காம் கடற்கரையில் காளியம்மா

மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு வருஷத்தில் ஒரே நாள்தான் கடலைப் பார்க்கக் கிடைத்தது. மாசி மகத்தன்று மாட்டுவண்டி கட்டிக்கொண்டு செர்காமுக்குப் போவார்கள். முத்தாயிக்கு மற்ற நாட்களெல்லாம் அந்த ஒரு நாளுக்காகத்தான். தங்கை காளியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அலைக்குள் ஓடுவாள். ஈர மணலில் சிப்பி தோண்டி மடி நிறையக் கட்டிக்கொள்வாள்.

1923ஆம் வருஷம் முத்தாயிக்கு ஒன்பது வயது, காளியம்மாவுக்கு ஐந்து. வண்டியிலேயே சின்னவளுக்கு உடம்பு சுட்டது. கடலில் முழுகினால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னார்கள். வெயில் சாய்வதற்குள் வாந்தியும் பேதியுமாகி, அம்மா அன்னம்மாவின் மடியிலேயே அடங்கிவிட்டாள். நோய் என்று தெரிந்தால் தோட்டத்துக்குள் விடமாட்டார்களே என்ற பயத்தில், கரையோரக் கெத்தாப்பாங் மரத்தடியில் அப்பா குழி தோண்டினார். அடுத்த மாதமே குடும்பம் லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்துக்கு மாறிப் போனது.

பதினான்கு வருஷம் கழித்துத்தான் முத்தாயி திரும்பி வந்தாள். அப்பா இறந்துபோயிருந்தார். அம்மாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியவில்லை. "நீயாச்சும் போயி அவளுக்கு ஒரு பூ வச்சிட்டு வாடி" என்று அனுப்பியிருந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியவளுக்கு இடம் பிடிபடவில்லை. மணல் கிடந்த இடத்தில் தார் ரோடு ஓடியது. கடலை ஒட்டிக் கல்சுவர், வேலி, துரைமார் ஓய்வெடுக்கும் பங்களாக்கள். ஒரு மரம்கூட இல்லை.

"யாரு தங்கச்சி? இங்க நிக்கக் கூடாதுலா. துரை பார்த்தா என்னைத்தான் ஏசுவாரு" என்றார் பங்களா வாசலில் காவல் இருந்த அப்புசாமி.

"அண்ணே, இங்க ஒரு பெரிய கெத்தாப்பாங் மரம் இருந்துச்சே?"

"ரோடு போடறப்ப வெட்டியாச்சு. நானுந்தான் அந்த வேலையில இருந்தேன்."

"மண்ணைத் தோண்டினீங்களா? என் தங்கச்சி அங்கதாண்ணே இருக்கா."

அப்புசாமி கேட்டைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். "தோண்டலைம்மா. தாழ்ந்த இடம்னு லோரி லோரியா செம்மண்ணைக் கொட்டி மேடாக்கினாங்க. மரத்து வேரைக்கூட எடுக்கல."

ரோட்டோரமாக நடந்தார், நின்றார், நாலு எட்டு பின்னுக்கு வந்தார். "இங்கனதான்னு நினைக்கிறேன். நிச்சயமாச் சொல்லத் தெரியல."

முத்தாயி கொண்டுவந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தாரின் மேல் பூவை வைத்தாள். மண்டியிட்டு உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள். தார் சுட்டது. மோட்டார் ஹாரன் கேட்டு அப்புசாமி, "எந்திரி தங்கச்சி, எந்திரி!" என்று கத்தினார். அவள் ஒதுங்கினாள். கார் பூவின் மேல் ஏறிப் போயிற்று. சுவருக்கு அப்பால் அலை இரைந்தது. கால் நனைக்கவும் அங்கே வழியில்லை.

வீட்டில் பொய் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸில் பலமுறை நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னாள்.

அன்னம்மா மகளின் பக்கம் சாய்ந்தாள்.

"மேல மண்ணு நிறையப் போட்டிருக்காங்களா?"

"ஆமாம்மா. ஆள் உயரத்துக்கு இருக்கும்."

"உங்கப்பா அன்னிக்கு அவசரத்துல ஆழமாத் தோண்டலடி. பன்னி, நாயி ஏதும் கிளறிடுமோன்னு இத்தனை வருஷமா..." என்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.