மலர்க்கொடி கூவிய எண்கள்

மின்கம்பத்திலிருந்து விழுந்து வலது கால் முடங்கியபோது செல்லப்பனுக்கு வயது முப்பத்தொன்று. லைன்மேனுக்கு ஹெல்ப்பராகத் தினக்கூலியில் இருந்தவன். அன்றோடு வேலை போயிற்று. வேப்பந்தட்டைக்குப் பக்கத்து ஊர். மனைவி மலர்க்கொடி களையெடுக்கப் போய்க் குடும்பத்தைத் தாங்கினாள். அவன் வீட்டில் உலை வைத்தான். அதில் அவனுக்கு வெட்கமில்லை. ஆனால் வெயிலில் கறுத்து அவள் திரும்பி வரும்போது மட்டும் முகத்தைப் பார்க்க மாட்டான்.

எண்பத்தாறாம் வருஷம் ஊருக்கு மேற்கே பாறைமேட்டில் காற்றை அளக்க உயரமான கம்பம் ஒன்று நட்டார்கள். உச்சியில் மூன்று கிண்ணங்கள் சுற்றும். அடியில் ஒரு பெட்டிக்குள் முள் வேகத்தைக் காட்டும். காற்று போதுமானால் பெரிய காற்றாலைகள் வைத்து, அந்த மின்சாரத்தை லைனில் சேர்க்கலாம் என்றார் இன்ஜினியர் அரங்கநாதன். காலையும் மாலையும் முள்ளைப் பார்த்து எழுத ஆள் தேவைப்பட்டது. செல்லப்பன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அவனால் மேடேற முடியாது. மலர்க்கொடி ஏறி எண்ணைக் கூவுவாள். கீழே வேலமரத்தடியில் உட்கார்ந்து அவன் நோட்டில் எழுதுவான்.

ஆடிக் காற்று ஓய்ந்து ஐப்பசி வந்தது. ஒரு மாலை இறங்கி வந்தவள் நோட்டை எட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் அவளுக்கு எண் தெரியும்.

“நான் ஒம்போதுன்னுதானே சொன்னேன்? பத்தொம்போதுன்னு போட்டிருக்கீங்க?”

அவன் நோட்டை மூடினான். “இங்க காத்தாடி வந்தா எனக்கு ஒரு வாட்ச்மேன் வேலையாச்சும் குடுப்பாங்க மலரு. நீ வெயில்ல குனிய வேணாம்.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவன் முடங்கிய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பொய்ய நம்பி நட்டு, அது சுத்தாம நின்னா, தெனம் அதப் பாத்துக்கிட்டு உங்களால சோறு திங்க முடியுமா? எத்தன நாளா இப்படி?”

“பன்னெண்டு நாளா.”

அந்தப் பன்னிரண்டு நாள் எண்களையும் அவன் கையாலேயே வட்டம் போட வைத்தாள்.

தை மாதம் அரங்கநாதன் வந்தபோது செல்லப்பன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் பக்கங்களைப் புரட்டினார். பிறகு விரலை ஓரிடத்தில் வைத்தார்.

“ஓரத்துல என்ன இது?”

“பழைய பழக்கம் சார். வூட்டுல பல்பு எப்ப மங்குது, கரண்ட் எப்ப போவுதுன்னு குறிச்சிருக்கேன்.”

“தெனமுமா?” அரங்கநாதன் நிமிர்ந்தார். “காத்தாடி ஓடறதுக்கே லைன்லேருந்து கொஞ்சம் கரண்ட் இழுக்கும் செல்லப்பன். லைன் மெலிஞ்சிருந்தா ஊரே மங்கிடும். இங்க காத்தும் பத்தாது, லைனும் தாங்காது. காத்த அளக்கத்தான் சொன்னாங்க. லைனோட நெலமய யாருமே எழுதல, நீங்கதான் எழுதியிருக்கீங்க.”

காற்றாலைகள் தெற்கே கடற்கரைப் பக்கம் போய்விட்டன. ஆனால் அந்த ஓரக் குறிப்புகளைக் காட்டி அரங்கநாதன் மேலிடத்துக்கு விடாமல் எழுதியதில், மறுவருஷம் ஊர் லைனுக்குக் கனமான கம்பி வந்தது. அவர் சிபாரிசில் பெரம்பலூரில் ஒரு துணைமின் நிலையத்தில், மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து எழுதும் வேலை செல்லப்பனுக்குக் கிடைத்தது.

முதல் நாள் மலர்க்கொடி தோள் கொடுத்து அவனை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். கண்டக்டர் விசிலடித்த பிறகும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

“சாயங்காலம் எந்த பஸ்ல வருவீங்க?”

ஆறு வருஷமாக யாரும் அவனிடம் கேட்காத கேள்வி அது.

“ஆறர மணி பஸ்ல வந்துடறேன். வெயில்ல நிக்காத, வூட்டுக்குப் போ.”