ஆறாம் வீட்டு டெக்

ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, பக்கத்திலேயே குப்புறப் படுத்துவிடுவார் யோகேஸ்வரன். கன்னம் கல்லில் ஒட்டியிருக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கிடப்பார். நுவரெலியா விடுதியொன்றில் அவர் இப்படிக் கிடந்ததைப் பார்த்த கொழும்பு அம்மா ஒருவர், ஆள் மயங்கி விழுந்துவிட்டார் என்று பதறி சோடா வாங்கிவரச் சொல்லிவிட்டார். மனிதர் சோடாவையும் குடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

“மொதல்ல தண்ணி போகட்டும் மாஸ்டர். அப்புறம் நாம போவோம்” என்பார் என்னிடம். நோர்வூட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய ஒரே லயத்தில் குடியிருக்கிறோம். அவர் ஆறாம் வீடு, நான் கடைசி வீடு.

விடுதித் தோட்டங்களில் டெக் போடுவது அவர் தொழில். டெக் என்றால் தரைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் நிற்கும் பலகை மேடை. அதில் நாற்காலி போட்டு, வெளிநாட்டுக்காரர்கள் மலையைப் பார்த்தபடி தேநீர் குடிப்பார்கள். அதற்காகப் பழைய பங்களாக்களின் கல் தரையைச் சிலர் பெயர்த்துப் போடுவதுண்டு. யோகேஸ்வரன் ஒரு கல்லையும் அசைக்கமாட்டார். அவருடைய இரும்புக் கால்களின் அடியில் ஏற்றி இறக்கும் திருகு இருக்கும். திருகுக்குக் கீழே பழைய லொறி டயரில் வெட்டிய ரப்பர் துண்டு. தரையின் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு காலும் ஒவ்வோர் உயரம். மேலே பலகை மட்டும் சமமாக இருக்கும்.

“தரை கோணலாவே இருந்துட்டுப் போகட்டுமே. அது வெள்ளக்காரன் காலத்துலேருந்து கெடக்கு. நேத்து வந்த நாமதான் அனுசரிச்சுக்கணும்.”

ஆட்டம் என்பதை மட்டும் அவரால் தாங்கிக்கொள்ள முடியாது. கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் முதலில் மேசையை ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் இலையை விட்டுவிட்டுக் கீழே குனிந்துவிடுவார். அவர் நிமிர்வதற்குள் அப்பளம் நமத்துப்போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் சாப்பாடும் கெட்டுப்போகும், நானும் ஒருமுறை அகப்பட்டிருக்கிறேன்.

இப்படி ஊருக்கெல்லாம் போட்டுக் கொடுத்தவர், சென்ற வருடம்தான் தன் வாசலில் ஒன்று போட்டார். மனைவி நாகலெட்சுமிக்காக. மழை நாளில் கொழுந்து பறிக்கும்போது சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் அவர். வைத்தியம் பார்த்தும் நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலி கதவு வரை வரும். லயத்துப் படி உயரமானது, அதைத் தாண்டாது. டெக் கதவு மட்டத்துக்கு வந்துவிட்டால் நாற்காலி தானாக வெளியே உருண்டு வந்துவிடும் என்பது யோகேஸ்வரனின் கணக்கு.

செய்தி அறிந்து, தோட்டத்தை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்தார். தோட்டத்து நிலத்தில் கேட்காமல் ஒரு குச்சியும் நட முடியாது.

“நட்டாத்தானுங்க ஐயா கட்டடம். இது சும்மா வச்சது. பெரிய மேசைன்னு நெனச்சுக்கங்க. வேணாம்னா நாளைக்கே தூக்கிருவேன்” என்றார் யோகேஸ்வரன். கண்டாக்கு ஐயா குனிந்து பார்த்தார், சிரித்தார், போய்விட்டார்.

எல்லாம் யோசித்தவர் ஒன்றை மறந்துவிட்டார். விடுதித் தோட்டத்தில் அக்கம்பக்கம் கிடையாது. லயத்து வாசலோ எல்லாருக்கும் பாதை. கதவிலிருந்து மழைத்தண்ணீர் ஓடும் கான் வரை டெக் அடைத்துக்கொண்டது. கானுக்கு அப்பால் அவர் போட்டுக் கொடுத்த பலகைப் பாதை முதல் மழையிலேயே வழுக்கியது. நாங்கள் என்ன செய்வோம்? டெக்கின் மேலேயே ஏறி நடந்தோம். பக்கத்து வீட்டு மீனம்மா சேற்றுச் செருப்போடு ஏறினார். நான் குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறினேன்.

“ஏன் மீனம்மா, இது என்ன பஸ் ஸ்டாண்டா?” என்று கத்தினார் யோகேஸ்வரன். மறுநாளே இரண்டு பக்கமும் இடுப்பளவு கம்பித் தடுப்பு போட்டுவிட்டார். “லெட்சுமி நிம்மதியா மலையப் பாக்கட்டும்.”

நாங்கள் கான் ஓரமாகவே, காலடியைப் பார்த்தபடி தட்டுத் தடுமாறிப் போய்வந்தோம். ஆனால் நாகலெட்சுமி வெளியே வருவது குறைந்தது. பிறகு நாற்காலி வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. யோகேஸ்வரனுக்கு ஒரே சந்தேகம்தான்: டெக் ஆடுகிறது, அவள் பயப்படுகிறாள். மறுபடி குப்புறப் படுத்து ஒவ்வொரு காலாக முறுக்கிப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைப் பிடித்து நிறுத்தி, “குதிச்சுப் பாருங்க மாஸ்டர், ஆட்டமே இல்லையே” என்று புலம்பினார்.

“ஆட்டமெல்லாம் ஒன்னுமில்லைங்க” என்றது உள்ளேயிருந்து நாகலெட்சுமியின் குரல். “அந்த மலையில கொழுந்து பறிச்சுத்தான் என் இடுப்பே போச்சு. அதையே ஒக்காந்து வேற பாக்கணுமா? அவங்க நடந்து போனப்ப ‘என்னக்கா, இன்னிக்கு என்ன கறி’ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டுப் போனாங்க. நாலு மூஞ்சியப் பாத்தேன். நீங்க கம்பிய வச்சு அதையும் மறிச்சுப்புட்டீங்க.”

யோகேஸ்வரன் கருவிப் பையை எடுத்துவந்தார். இரண்டு தடுப்புகளையும் கழற்றிச் சுவரில் சாய்த்தார். மிச்சமிருந்த பலகையை அறுத்து, ஏறி இறங்கப் பக்கத்துக்கு ஒரு படி வைத்தார். அதற்குள் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, பெண்கள் பேசிக்கொண்டே மேலே ஏறி வரும் சத்தம் கேட்டது.

அவசரமாக உள்ளே போய் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, வழக்கம்போல் மலையைப் பார்க்க நிறுத்தினார். ஒரு கணம் நின்றார். பிறகு நாற்காலியைச் சுற்றி, மலைக்கு முதுகும் ஆட்கள் வரும் பக்கத்துக்கு முகமுமாகத் திருப்பி வைத்து, சக்கரத்தின் பிரேக்கைப் போட்டார்.