இழுப்பு எங்கிருந்து வந்தது

என் மகளுக்கு மூணு வயசு நடக்கும்போது இருமல் பிடித்தது. முதலில் சும்மா இருமல்தான். பிறகு அது இழுப்பாக மாறியது. மூச்சை விடும்போது நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வரும். கழுத்துக்குக் கீழே குழி விழும். பேச்சு வராது. என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு முன்னே ஒரு பையன் இருந்தான். எட்டு மாசத்தில் சளி கட்டிப் போய்விட்டான். அதனால் அந்த விசில் சத்தம் கேட்டால் என் பெண்சாதி கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்குவாள். இதுவும் போய்விடுமோ என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

நாங்கள் இருந்தது இலங்கையில், மாத்தளைப் பக்கம், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். வரிசையாகக் கட்டின லயத்தில் ஒற்றை அறைதான், காம்பரா என்போம்; முன்னால் திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு. தகரக் கூரை. ஜன்னல் கிடையாது. அடுப்பு உள்ளேதான்.

எனக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தூள் செய்கிற ஃபாக்டரியை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அதிலும் நான் தூள் சலிக்கிற காம்பராவில். மழை இல்லை, அட்டைக் கடி இல்லை. மலையில் நிற்கிறவர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். ஆனால் அங்கே பஞ்சு பறக்கும். கொழுந்தின் மேலே இருக்கிற மெல்லிய ரோமம் காய்ந்து, சலிக்கும்போது கழன்று வரும். செம்பட்டை நிறம். அது கீழே விழாது, அந்தரத்தில் நிற்கும். சாயங்காலம் வெளியே வரும்போது எங்கள் புருவம், தலை, காது மயிர் எல்லாம் செம்பட்டையாக இருக்கும். கொழுந்து நிறுக்க நிற்கிற பெண்கள், "குரங்குக் கூட்டம் இறங்குது, கூடையப் பாத்துக்கங்கடி" என்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

மகளைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனேன். மருந்து கொடுக்கிற ஐயா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்.

"குளிர் ஒத்துக்கல. சூடா வச்சுக்க" என்றார். ஒரு போத்தல் மருந்து கொடுத்தார்.

சூடாக வைப்பது எப்படி என்று யோசித்தேன். தேயிலை சூடு. குடித்தால் வேர்க்கும். காய வைத்த பஞ்சு நிறைந்த சாக்குக்குள் கையை விட்டால் கோழி வயிற்றுக்குக் கீழே கை வைத்த மாதிரி இருக்கும். பஞ்சை யாரும் விற்பதில்லை. சுண்ணாம்பு கலந்து மலைக்கு உரமாகக் கொண்டுபோய்ப் போடுவார்கள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் போய் நின்றேன்.

"ஐயா, கொஞ்சம் பஞ்சு வேணும். பிள்ளைக்குத் தலகாணி தைக்க."

"குப்பைய எடுக்கவும் கேட்டு வர்ற ஆளு நீ ஒருத்தன்தான்டா. எடுத்துட்டுப் போ. வாச்சர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

பெண்சாதி மாச் சாக்குத் துணியில் சின்னதாக ஒரு தலையணை தைத்தாள். மெத்தென்று இருந்தது. மகளுக்கு அது பிடித்துப்போனது. முகத்தை அதில் அழுத்திக்கொண்டு குப்புறப் படுப்பாள். பஞ்சு அமுங்கினால் நான் புதுசு கொண்டுவந்து அடைப்பேன்.

இழுப்பு குறையவில்லை. கூடியது.

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் ஒரு மெஷின் நின்றுவிட்டால் எங்கே நின்றது என்று பார்க்கத் தெரியும். பெல்ட்டைப் பார்ப்பேன், பிறகு சக்கரத்தைப் பார்ப்பேன். ஒன்று ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாகக் கழற்றினால் எது பழுது என்று தெரியாது. பிள்ளையின் இழுப்பையும் அப்படித்தான் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் அடுப்புப் புகை. மழை ஈரத்தில் விறகு எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். கூரையின் அடிப்பக்கம் தார் பூசின மாதிரி கறுத்துக் கிடக்கும். அடுப்பை இஸ்தோப்புக்கு மாற்றினேன். பெண்சாதி முறைத்தாள்.

"ரோட்டுல போறவன் எல்லாம் என் சட்டிக்குள்ள எட்டிப் பாக்கவா?"

"ரெண்டு வாரம். பாப்போம்."

இரண்டு வாரம் போனது. பிள்ளையின் இழுப்பில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் பெண்சாதியின் கண் சிவப்பு போய்விட்டது. நான் அடுப்பைத் திரும்ப உள்ளே தூக்கப் போனேன். அவள் விடவில்லை.

"இருக்கட்டும் அங்கேயே. எட்டிப் பாக்கிறவன் பாத்துட்டுப் போறான்."

அடுத்தது சுவர். மலேரியாக்காரர்கள் வந்து மருந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். சுவரெல்லாம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருந்தது. கை வைத்தால் ஒட்டும், நாற்றமும் அடிக்கும். ஈரத் துணியால் துடைத்து, சாணியும் மண்ணும் போட்டு மெழுகினோம். அந்த மருந்து நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியாது. பிள்ளைக்கு அதனாலும் ஒன்றும் நடக்கவில்லை.

பிள்ளைக் காம்பராவில் விசாரித்தேன். பெண்சாதி கொழுந்து எடுக்கப் போகும்போது மகளை அங்கேதான் விடுவாள். பிள்ளைகளைப் பார்க்கிற ஆயம்மா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசினாள்.

"இங்க அவளுக்கு ஒண்ணுமே இல்லண்ணே. மத்தியானம் சாக்குல போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறா."

"இருமல்?"

"காலையில கொண்டாந்து விடும்போது இருமுறா. கஞ்சி குடிக்கிற நேரம் சரியாப் போயிடுது. உங்க வீட்டுல என்னத்தக் குடுக்குறீங்க?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அது நல்ல கேள்வி. பிள்ளைக் காம்பராவிலும் புகை உண்டு. பால் காய்ச்சுகிறார்கள், தண்ணீர் காய்ச்சுகிறார்கள். அதே மலை, அதே குளிர். அப்படியானால் பழுது எங்கள் காம்பராவுக்குள் இருந்தது.

அந்த மாசம் மாத்தளையில் அம்மன் தேர். டவுனில் என் அக்கா வீடு இருந்தது. மூன்று நாள் லீவு கேட்டுக்கொண்டு குடும்பத்தோடு பஸ் ஏறினோம். அக்கா வீட்டுக்கு முன்னால் பஸ் ரோடு. பஸ் போனால் கறுப்புப் புகை வீட்டுக்குள் வந்து திரும்பிப் போகும். கோயிலில் கற்பூரம், சாம்பிராணி. ரோடெல்லாம் தூசி. பிள்ளையை ஏன் கொண்டுவந்தோம் என்று நினைத்தேன். மகள் மூன்று நாளும் அக்காவின் பழைய சேலை மடிப்பில் தலை வைத்துத் தூங்கினாள். ஒரு விசில் சத்தம் இல்லை.

அக்கா கேலி செய்தாள். "மலக் காத்து, மலக் காத்துன்னு பெருமையடிப்பியே தம்பி. உன் மகளுக்கு பஸ் புகைதான் ஒத்துக்குது. விட்டுட்டுப் போ, நான் வளக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது எப்படி என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே இல்லாதது எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? அடுப்பு இங்கேயும் இருக்கிறது. கோழி இங்கேயும் இருக்கிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். பாய், இடுப்பில் கட்டுகிற படங்கு, பெட்டி, சாக்கு. தலையணை என் கணக்கில் வரவில்லை. அது மருந்து என்றுதான் எனக்கு நினைப்பு.

வந்த மறுநாள் போயா, பௌத்தர்கள் கோயிலுக்குப் போகிற நாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயாவுக்கு லீவு விட்ட காலம் அது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் கூரைத் தகரத்தில் ஓர் ஆணி ஓட்டை. பத்து மணி வாக்கில் அது வழியாக வெயில் ஒரு கம்பு மாதிரி உள்ளே இறங்கும். மகள் தேரில் பார்த்த தப்புக்காரர்கள் மாதிரி தலையணையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு குச்சியால் அடித்தாள்.

"அப்பா, நான் தப்படிக்கிறேன். ஆடு!"

"நீ அடி. நான் அப்புறம் ஆடுறேன்."

அவள் அடித்தாள். வெயில் கம்பு செம்பட்டையாக மாறியது.

நான் எழுந்து பக்கத்தில் போனேன். அவள் மறுபடி அடித்தாள். மறுபடி ஒரு புகை கிளம்பி வெயிலுக்குள் வந்தது. விழவில்லை. தொங்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றியது. இது எனக்குத் தெரியும். பத்து வருசமாகப் பார்க்கிறேன். ஸ்டோரில் மேல் ஜன்னல் வழியாக வெயில் விழும்போது இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் இதை என் வீட்டுக்குள் நான் பார்த்ததில்லை. வெயில் படாத இடத்தில் அது கண்ணுக்குத் தெரியாது.

குச்சியை வாங்கி நானே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். வந்தது. அதற்குள் மகளுக்கு விசில் தொடங்கிவிட்டது. அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோய் பெண்சாதியிடம் கொடுத்தேன். பிறகு தலையணையை எடுத்து வந்து இஸ்தோப்பில் வைத்தேன்.

"இதுதான்" என்றேன்.

"எது?"

"இந்தப் பஞ்சு. நான் கொண்டாந்தது."

அவள் தலையணையைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் நெஞ்சைத் தடவினாள்.

"தச்சது நான்தானே" என்றாள். அவ்வளவுதான். அரிவாள்மணையில் துணியைக் கிழித்து, பஞ்சைக் கொண்டுபோய் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் கொட்டி மண்ணைத் தள்ளினாள்.

அன்றைக்கு நான் அவளிடம் ஒன்று கேட்டேன். "பையனுக்கு நாம இத வைக்கல, இல்லயா?" வைக்கவில்லை என்று எனக்கே தெரியும். அவன் இருந்தபோது இந்தத் தலையணையே கிடையாது. இருந்தாலும் கேட்டேன். இல்லை என்றாள்.

இழுப்பு நின்றது. தினமும் காலையில் அவள் எழும்பும்போது காது வைத்துக் கேட்பேன். சத்தம் இல்லை. ஆனால் சாயங்காலம் மட்டும் கொஞ்சம் இருமுவாள். சரியாக நான் ஸ்டோர் விட்டு வருகிற நேரம். இது என்ன புதுசு என்று அதையும் பார்க்கத் தொடங்கினேன். பெண்சாதிதான் முதலில் சொன்னாள்.

"நீங்க வாசல்ல கால் வச்சா இருமுறா. மாமியா வந்த மாதிரி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு உறைத்தது. ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். மூக்கை என் தலை மயிரில் வைத்துத் தேய்ப்பாள். தலையணை வருவதற்கு முன்னே இருந்த இருமலும் இதுதான். தலையணையைக் கொட்டிவிட்டோம். என்னை என்ன செய்வது?

ஸ்டோர் விட்டதும் நேரே தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரைக்குப் போய்க் குளித்தேன். அந்தக் குளிரில் எல்லாருக்கும் சிரிப்பு. மயிரில் பஞ்சு பிடித்துக்கொண்டு முழுசாகப் போகவில்லை. தலையை மொட்டை அடித்தேன்.

"எந்தக் கோயில் வேண்டுதல்?" என்றார்கள்.

"ஸ்டோர் வேண்டுதல்" என்றேன்.

உடுப்பை வாசலில் கழற்றினேன். அப்படியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருமல் வந்தது. என் கூட சலிக்கிற ஒரு அக்கா இருந்தாள். அவள் தலையில் துணி கட்டிக்கொண்டு வருசக்கணக்காக இருமிக்கொண்டே வேலை செய்வாள். அவளிடம் கேட்டேன்.

"அக்கா, உனக்கு இது எப்பத் தொடங்குச்சு?"

"இங்க வந்த வருசம்."

"வீட்டுல?"

"வீட்டுல கொஞ்சம் கொறவு." சொல்லிவிட்டு சலிக்கிற தட்டை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஏன் கேக்குற?"

பஞ்சு என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. வெற்றிலை போட்டால் சரியாகிவிடும் என்றாள்.

டீமேக்கர் ஐயாவிடம் இரண்டாவது தடவை போய் நின்றேன்.

"இப்ப என்ன, மெத்தை தைக்கப் போறியா?"

"இல்லங்க ஐயா. என்ன வேற வேலைக்கு மாத்துங்க."

"ஏன்டா? இந்த வேலைக்கு ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க."

"பிள்ளைக்குப் பஞ்சு ஒத்துக்கலங்க. என் மேல ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வருது."

அவர் என் மொட்டைத் தலையைப் பார்த்தார். "உனக்கே பத்து வருசமா ஒண்ணும் ஆகல. வேற இடம் கீழ அடுப்புலதான் இருக்கு. விறகு தள்ளணும். வேகணும். போறியா?"

"போறேங்க."

"பைத்தியக்காரன்" என்றார். ஆனால் மாற்றிவிட்டார்.

கொழுந்து காய வைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. பஞ்சு அங்கே வராது. கண் எரியும். எச்சில் கறுப்பாக வரும். சாயங்காலம் உடம்பெல்லாம் புகை நாற்றம், நகத்தில் கரி. முதல் நாள் வாசலில் நின்றேன். உள்ளே வரப் பயமாக இருந்தது. மகள் ஓடிவந்தாள். பெண்சாதி அவள் கையைப் பிடித்தாள், பிறகு விட்டாள். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா நாத்தம்" என்றது. நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம். அரிசி வெந்தது. சாப்பிட்டோம். பாயைப் போட்டோம். அவள் இருமவில்லை.

புகை ஏன் அவளை ஒன்றும் செய்யவில்லை, ஒரு இலையின் ரோமம் ஏன் செய்தது என்று எனக்குத் தெரியாது. டிஸ்பென்சரி ஐயாவைக் கேட்டேன். ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி என்றார். அது பதில் இல்லை. ஆனால் அவருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.