பெயரை மட்டும் மாற்றினேன்

ஒருவருடைய துயரத்தை அவரைக் கேட்காமல் கதையாக்கலாமா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

மந்தைவெளியில் எங்கள் அடுக்ககத்தில் வீட்டுவேலை செய்யும் செல்வி அக்கா, இறந்துபோன மகனோடு பேசியபடியே பாத்திரம் தேய்ப்பார். பெயரை மட்டும் மாற்றி, கடைசியில் அவருக்குப் பித்துப் பிடிப்பதாக அடுக்ககத்தின் பொங்கல் மலரில் கதை எழுதினேன். எல்லோரும் பாராட்டினார்கள். மறுவாரமே மூன்று வீடுகளில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

என் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "இன்னாம்மா, நீ தூங்குற கொழந்தையாண்ட பேசுனா பாசம், நான் பேசுனா பைத்தியமா?"

பதில் சொல்வதற்குள் என் கைகள் குழந்தையை வாங்க நீண்டன. அதை அவர் பார்த்துவிட்டார்.

கதையின் முடிவு என் கற்பனை என்று மூன்று வீடுகளிலும் சொன்னேன். "எதுக்கு வம்பு?" என்கிறார்கள். அந்த வேலைகள் அவருக்குத் திரும்பக் கிடைக்க நான் என்ன செய்யலாம்? சொல்லுங்களேன்.